ஜிக்பீ சாதனங்களின் பொதுக் கட்டளைகள்: ஹப் படுத்தாலும் விளக்கு எரியும்படி அமைப்பது எப்படி

ஸ்மார்ட் வீட்டை நடத்தும் கணினியான ஹப்பில், ஜிக்பீ சாதனங்களோடு ரேடியோவில் பேசுவதற்காகச் செருகியிருக்கும் யுஎஸ்பி டாங்கிளைப் பிடுங்கிவிட்டு, சுவரில் ஒட்டிய பட்டனை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்தால் உங்கள் அமைப்பு சரியாக இருக்கிறது. எரியாவிட்டால், அலமாரிக்குள் இருக்கும் ஒரு சின்னக் கணினி தொங்கிப்போகும் நாளில் வீட்டில் உள்ளவர்கள் இருட்டில் நின்று உங்களைத் திட்டுவார்கள்.

அந்தச் சோதனையில் தேறுவதற்கான வழிகாட்டி இது. ஜிக்பீ என்பது விளக்கு, சுவிட்ச், சென்சார் போன்றவை கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் முறை. எந்தக் கம்பெனி செய்த ஜிக்பீ சாதனமாக இருந்தாலும் ஆன், ஆஃப், வெளிச்ச அளவு, குழு, சீன் (சேமித்து வைத்த விளக்கு நிலை) போன்ற வேலைகளுக்குப் பொதுவான கட்டளைகள் உண்டு. ஒரு வேலைக்கான கட்டளைகளும் மதிப்புகளும் அடங்கிய கட்டுக்குக் கிளஸ்டர் என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் இவற்றைத் தொடாமல் நேராக ஹப்பில் ஆட்டோமேஷன் (இது நடந்தால் அதைச் செய் என்ற விதி) எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீடுகளில் நான் போய்ச் சரிசெய்த சிக்கல்களில் பாதிக்கு மேல் அங்கேதான் தொடங்கியிருந்தன.

கீழே உள்ளவை ஹோம் அசிஸ்டன்ட் என்ற ஸ்மார்ட் வீட்டு மென்பொருளும், அதற்கும் ஜிக்பீ சாதனங்களுக்கும் நடுவில் நின்று பேசும் ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருளும் வைத்திருப்பவர்களுக்காக எழுதியவை. வேறு மென்பொருள் என்றால் மெனுவின் பெயர்கள்தான் மாறும். மேட்டர் என்ற இன்னொரு பொதுத் தரத்தில் ஓடும் சாதனங்களுக்கும் ஆன்/ஆஃப், வெளிச்சம், நிறம் ஆகிய கிளஸ்டர்கள் இதே எண்களில்தான் இருக்கின்றன. கிளஸ்டர் எண்களும், கட்டளை எண்களும், 4003 என்ற எண்ணும், 12-ஆம் படியில் வரும் பதில் எண்களும் ஹெக்ஸ் (பதினாறு அடிமான) முறையில்.

1. தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

நியூட்ரல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் வீடுகளில் பிளக் பாயின்ட் உள்ள சுவிட்ச் போர்டில் நியூட்ரல் இருக்கும். வெறும் சுவிட்சுகள் மட்டுமுள்ள போர்டில் பெரும்பாலும் இருக்காது. நியூட்ரல் இல்லாமல் ஓடும் மாட்யூல்கள் (சுவிட்சுக்குப் பின்னால் பொருத்தும் ஜிக்பீ பெட்டிகள்) பெரும்பாலும் அடுத்த சாதனத்துக்குச் செய்தி கடத்தாது. வீடு முழுக்க அவற்றையே போட்டால் வலைப்பின்னல் உருவாகாது. எம்சிபியை இறக்காமல் போர்டைத் திறக்க வேண்டாம். கை பழகாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது இன்வர்ட்டர் லைன். ஹப், வைஃபை ரூட்டர், செய்தி கடத்தும் ஒன்றிரண்டு மாட்யூல்கள் ஆகியவை இன்வர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். இன்வர்ட்டரில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது ஹப் மட்டும் அணைந்து கிடப்பது பல வீடுகளில் நடக்கிறது.

ஒரு மீட்டர் நீள யுஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்குங்கள். யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் ஓடும் ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும். ஜிக்பீயும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. டாங்கிளைக் கணினியிலிருந்து தள்ளி வைத்தாலே பாதி 'சிக்னல் இல்லை' புகார் மறைந்துவிடும். இதைச் செய்யாமல் டாங்கிளை மாற்றியவர்கள் உண்டு.

கடைசியாக ஒரு நோட்டு. சாதனத்தின் பெயர், எந்த போர்டு, எந்த லைன் என்று எழுதுவதற்கு. போனில் எழுதினாலும் சரி, எழுதுங்கள்.

2. சேனலை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை 16 சேனல்கள். ஜிக்பீ2எம்க்யூடிடி தானாக எடுப்பது 11. அது வைஃபையின் 1-ஆம் சேனலுக்குள் நேராக விழுகிறது. பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், பல சாதனங்களை மறுபடி சேர்க்க வேண்டி வரும். நாற்பது சாதனங்களைச் சேர்த்த பிறகு அந்த வேலையில் இறங்க யாருக்கும் பொறுமை இருக்காது.

முதலில் வைஃபை ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலைத் தானியங்கி நிலையிலிருந்து எடுத்து 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்துங்கள். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 40-இல் விட்டால் அலைவரிசையில் பாதியை வைஃபையே தின்றுவிடும்.

வைஃபை 1-இல் இருந்தால் ஜிக்பீக்கு 20 அல்லது 25. 6-இல் இருந்தால் 25. 11-இல் இருந்தால் 15. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு வைஃபையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதால் நான் பெரும்பாலும் 25-க்குப் போய்விடுகிறேன். 26 வேண்டாம்; அந்தச் சேனலில் சில சாதனங்கள் குறைந்த திறனில்தான் ஒலிபரப்பும்.

3. சேர்க்கும் வரிசை

ஹப்புக்கு அருகில் இருக்கும், எப்போதும் கரண்ட் உள்ள சாதனங்கள் முதலில். அங்கிருந்து வெளியே வெளியே நகருங்கள். பேட்டரியில் ஓடுபவை கடைசி.

கரண்டில் ஓடும் மாட்யூலும் பிளக்கும் செய்தியைக் கைமாற்றும் இடைநிலையங்கள். பேட்டரி சென்சார் அப்படிக் கடத்தாது. அது ஒரு இடைநிலையத்தைத் தாயாகப் பிடித்துக்கொண்டு தூங்கும், தேவைப்படும்போது விழித்து அந்தத் தாயிடம் மட்டும் பேசும். சில சென்சார்கள் முதலில் பிடித்த தாயை லேசில் விடாது. ஹப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்த்துவிட்டு மொட்டைமாடிக் கதவில் கொண்டுபோய் ஒட்டினால், அது கீழே உள்ள ஹப்பையே தேடிக்கொண்டு பேட்டரியைத் தீர்த்துவிடும். எந்த இடத்தில் இருக்கப்போகிறதோ அங்கே வைத்தே சேர்க்க வேண்டும்.

சேர்க்கும் அனுமதி ஒரு தடவைக்கு 254 விநாடி திறந்திருக்கும். அனுமதிப் பட்டனுக்குப் பக்கத்தில், எந்த இடைநிலையம் வழியாகச் சேர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். மாடிச் சென்சாருக்கு மாடி பிளக்கைத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்மார்ட் பல்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவையும் இடைநிலையங்களே. சுவர் சுவிட்சை யாராவது அணைத்தால் அந்த பல்பை நம்பியிருந்த சென்சார்களும் சேர்ந்து காணாமல் போகும். சுவர் சுவிட்சைத் தொடும் பழக்கம் உள்ள வீட்டில் பல்பை விட்டுவிட்டு, சுவிட்சுக்குப் பின்னால், ஆன்/ஆஃப் மட்டும் செய்யும் ரிலே மாட்யூல் போடுவதே என் வழக்கம். சுவிட்சைத் தொடாத வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

4. கிளஸ்டர் பட்டியலைப் படியுங்கள்

சாதனம் சேர்ந்ததும் பெயர் வைத்து மூடிவிடாதீர்கள். சாதனப் பக்கத்தில் கிளஸ்டர் தாவலைத் திறங்கள். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது.

பட்டியல் எண்ட்பாயின்ட் வாரியாக இருக்கும். எண்ட்பாயின்ட் என்பது சாதனத்துக்குள் இருக்கும் கதவு எண் போன்றது. நான்கு சுவிட்ச் மாட்யூலில் 1 முதல் 4 வரை நான்கு கதவுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் தனி ஆன்/ஆஃப் கிளஸ்டர். எந்தக் கதவு எந்த விளக்கு என்று இப்போதே நோட்டில் எழுதுங்கள்.

அடிக்கடி கண்ணில் படுபவை: 0003 அடையாளம் காட்டுவது, 0004 குழு, 0005 சீன், 0006 ஆன்/ஆஃப், 0008 வெளிச்ச அளவு, 0102 திரைச்சீலை, 0202 ஃபேன், 0300 நிறம், 0402 வெப்பநிலை, 0405 ஈரப்பதம், 0406 ஆள் நடமாட்டம், 0500 கதவு, நீர்க்கசிவு போன்ற பாதுகாப்புச் சென்சார்கள், 0702 மின் நுகர்வு.

அடுத்து உள்வரும் பக்கமா, வெளிச்செல்லும் பக்கமா என்று பாருங்கள். விளக்கில் 0006 உள்வரும் பட்டியலில் இருக்கும்: கட்டளையைக் கேட்டு நடக்கும் பக்கம். ரிமோட்டில் அதே 0006 வெளிச்செல்லும் பட்டியலில் இருந்தால் அது கட்டளை இடும் பக்கம். ரிமோட்டில் வெளிச்செல்லும் 0006 இல்லையென்றால் விளக்கோடு அதை நேராக இணைக்க முடியாது. ஹப் வழியாகத்தான் ஓட்ட வேண்டும்.

ஈஎஃப்00 என்ற கிளஸ்டரை மட்டும் வைத்துக்கொண்டு வேறெதுவும் காட்டாத சாதனங்கள் உண்டு. டூயா என்ற கம்பெனியின் வகையில் டிஎஸ்0601 என்ற மாடல் எண்ணோடு வருபவை இப்படித்தான். அவற்றின் பேச்சு தயாரிப்பாளரின் தனி மொழியில் நடக்கும். மென்பொருள் மொழிபெயர்த்துக் கொடுப்பதால் திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஆனால் கீழே சொல்லும் குழு, சீன், பைண்டிங் (இரு சாதனங்களை நேராகக் கட்டுவது) எதையும் அவற்றிடம் நம்ப முடியாது. மண் ஈரப்பதச் சென்சாருக்கு இது பரவாயில்லை. சுவிட்சுக்கு வேண்டாம்.

5. அடையாளம் காட்டச் சொல்லி, பிறகு ஆன்/ஆஃப்

முதல் கட்டளை 0003. விநாடி எண் ஒன்றைக் கொடுத்தால் அவ்வளவு நேரம் விளக்கு கண் சிமிட்டும். ஹாலில் ஒரே மாதிரி ஆறு விளக்கு இருக்கும்போது எது எது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. பெயர் வைப்பதை இதற்குப் பிறகு செய்யுங்கள்.

0006-இல் மூன்று அடிப்படைக் கட்டளைகள்: 00 ஆஃப், 01 ஆன், 02 மாற்று. 'மாற்று' என்பது இருக்கும் நிலையைத் தலைகீழாக்குவது. ஒரு விளக்குக்கு இது வசதி. பல விளக்குகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பினால் வம்பு: நாலு விளக்கில் ஒன்று ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், அழுத்தும்போது மூன்று எரியும், ஒன்று அணையும். அடுத்த தடவை தலைகீழ். குழு என்றால் ஆன், ஆஃப் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

ரிலே மாட்யூலில் சுவர் சுவிட்சின் வகையும் சரியாக இருக்க வேண்டும். நம் வீட்டு சுவிட்சுகள் மேலும் கீழும் நின்றுகொள்ளும் வகை. மாட்யூல் அமைப்பில் அழைப்புமணிப் பட்டன் வகை என்று இருந்தால் இரண்டு தடவை அழுத்தினால்தான் விளக்கு மாறும். மாட்யூல் கெட்டுவிட்டது என்று நினைத்து கழற்றுகிறார்கள். ஓர் அமைப்பை மாற்றினால் போதும்.

6. கரண்ட் வந்ததும் எந்த நிலை?

என் அத்தை ஒருநாள் காலை ஆறு மணிக்கே போன் செய்தார். "ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போய் வந்துச்சுடா. வீடே கல்யாண மண்டபம் மாதிரி எரியுது, எல்லாரும் எழுந்து உட்கார்ந்துட்டோம்." ஸ்மார்ட் பல்புகள் எட்டையும் நானேதான் போட்டுக் கொடுத்திருந்தேன். இந்த ஓர் அமைப்பை விட்டுவிட்டேன்.

ஆன்/ஆஃப் கிளஸ்டரில் 4003 என்ற எண்ணில் ஒரு மதிப்பு இருக்கிறது. சாதனத்துக்கு மறுபடி மின்சாரம் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்கிறது: 0 என்றால் அணைந்தே இருக்கும், 1 என்றால் எரியும், 2 என்றால் முன்பிருந்ததற்கு நேர்மாறு, 255 என்றால் முன்பிருந்த அதே நிலை. திரையில் இது 'பவர் ஆன் பிஹேவியர்' என்ற பெயரில் வரும். ஸ்மார்ட் பல்புகள் பல, கரண்ட் வந்ததும் எரியும்படி அமைத்தே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. சுவர் சுவிட்சைப் போட்டால் பல்பு எரிய வேண்டும் என்ற நோக்கத்தில் அப்படி. மின்வெட்டு உள்ள ஊரில் அது காலை வாருகிறது.

எதற்கு எந்த மதிப்பு என்பதை இப்படி முடிவு செய்கிறேன். சுவிட்சுக்குப் பின்னால் உள்ள ரிலேக்கு 255. கீசர், மோட்டார் போன்றவற்றுக்கு 0, இதில் பேச்சே இல்லை. ஆள் இல்லாத வீட்டில் கரண்ட் வந்ததும் கீசர் தானாக ஓடக் கூடாது. ஹப்பும் வைஃபையும் செருகிய ஸ்மார்ட் பிளக்குக்கு 1. (ஹப்பையே ஸ்மார்ட் பிளக்கில் செருகுவது தேவைதானா என்பது வேறு கேள்வி. அதை போனிலிருந்து அணைத்துவிட்டு, திரும்ப ஆன் செய்ய வழியில்லாமல் நின்ற ஒரு நண்பர் எனக்கு உண்டு.)

சிக்கல் வருவது சுவர் சுவிட்ச் வழியாக ஓடும் ஸ்மார்ட் பல்பில். அதற்கு 255 வைத்தால், போனில் அணைத்த பல்பு சுவர் சுவிட்சைப் போட்டாலும் எரியாது; வீட்டுப் பெரியவர்கள் பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். 1 வைத்தால் நள்ளிரவுக் கல்யாண மண்டபம். இரண்டில் ஒன்றைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். பல்பு இன்வர்ட்டர் லைனில் இருந்தால் 1 வைத்துவிடலாம், கரண்ட் போனது அதற்குத் தெரியாது. ஆனால் இன்வர்ட்டர் மாறும் அந்த ஒரு துளி நேரத்தில் சில பல்புகள் அணைந்து புதிதாகத் தொடங்கிவிடும். இன்வர்ட்டரின் பின்புறம் யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள், மாறும் நேரம் குறையும்.

அமைத்ததும் எம்சிபியை இறக்கி, பத்து விநாடி கழித்து ஏற்றிப் பாருங்கள். அமைப்பை ஏற்றுக்கொண்டதுபோல் பதில் சொல்லிவிட்டு நடைமுறையில் மறந்துபோகும் சாதனங்களும் இருக்கின்றன.

7. வெளிச்ச அளவும் நிறச்சூடும்

0008 கிளஸ்டரில் வெளிச்சம் 254 வரை போகும். சதவீதம் என்று நினைத்து 100 அனுப்பினால் 39 சதவீத வெளிச்சம்தான் கிடைக்கும். 'பல்பு மங்கலாக இருக்கிறது' என்ற புகாரோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த எண்ணை அனுப்பினீர்கள் என்பதுதான்.

நேரமும் அப்படியே. கிளஸ்டரின் மூலக் கட்டளையில் மாறும் நேரம் பத்தில் ஒரு விநாடிக் கணக்கு. 20 என்றால் 2 விநாடி. ஜிக்பீ2எம்க்யூடிடியில் அதையே முழு விநாடியில் கொடுக்க வேண்டும். டெவ் கன்சோலில் (கட்டளையை நேராக அனுப்பிப் பார்க்கும் தாவலில்) மூலக் கட்டளையைச் சோதித்துவிட்டு அதே எண்ணை ஆட்டோமேஷனில் போட்டால், விளக்கு ஆமை வேகத்தில் ஏறும்.

அளவு மாற்றும் கட்டளைகள் இரட்டையாக வரும். 00 அளவை மட்டும் மாற்றும். 04 அளவை மாற்றுவதோடு விளக்கு அணைந்திருந்தால் எரியவும் வைக்கும். அணைந்த விளக்குக்கு 00 அனுப்பினால் பொதுவாக எதுவும் நடக்காது. ரிமோட்டில் வெளிச்சப் பட்டனை அழுத்தியும் விளக்கு சும்மா இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அது பழுதில்லை.

0300 கிளஸ்டரில் நிறச்சூடு மைரெட் என்ற அலகில். பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்தால் வரும் எண். 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் 370, 6500 கெல்வின் ட்யூப்லைட் வெள்ளை 154. எண் ஏற ஏற மஞ்சள் கூடும்.

ஃபேனுக்கு ஒரு வார்த்தை. விளக்குக்கான டிம்மர் மாட்யூலை சீலிங் ஃபேனில் போடாதீர்கள். ஃபேன் முனகும், மாட்யூல் சூடாகும். ஃபேனுக்கென்று செய்த, 0202 காட்டும் மாட்யூல்தான் வேண்டும். அதில் 0 ஆஃப், 1 மெதுவாக, 2 நடுத்தரம், 3 வேகம். ரிமோட்டோடு வரும் பிஎல்டிசி ஃபேனுக்கு அதுவும் தேவையில்லை, ரிலே போதும்.

8. தானாக அணையும் ஆன்

0006-இல் 42 என்றொரு கட்டளை உண்டு. ஆன் செய்து, சொன்ன நேரம் கழித்துச் சாதனமே அணைத்துக்கொள்ளும். நேரக் கணக்கு சாதனத்துக்குள் ஓடுவதால் நடுவில் ஹப் போனாலும் அணைவது நிற்காது. 'இருபது நிமிடம் கழித்து கீசரை அணை' என்று ஹப்பில் எழுதிய ஆட்டோமேஷன், பத்தாவது நிமிடத்தில் ஹப் ரீஸ்டார்ட் ஆனால் அந்த அணைப்பை மறந்துவிடக்கூடும்.

மூலக் கட்டளையில் இதற்கும் பத்தில் ஒரு விநாடிதான். இருபது நிமிடத்துக்கு 12000. ஒரே தடவையில் ஏறத்தாழ 109 நிமிடத்துக்கு மேல் கொடுக்க முடியாது. எல்லாச் சாதனமும் இதை ஏற்காது என்பதால், முதலில் ஒரு நிமிடம் கொடுத்துச் சோதியுங்கள்.

கீசருக்கு 16 ஆம்பியர் ரிலே வேண்டும். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு அருகில் இழுக்கும். விளக்குக்கான சின்ன மாட்யூல் உருகிவிடும்.

9. ரிப்போர்ட்டிங்: சாதனம் தானாகச் சொல்வது

சுவர் சுவிட்சில் விளக்கைப் போட்டால் போன் திரையிலும் அது தெரிய வேண்டுமல்லவா? அதற்கு விளக்கு தன் நிலையைத் தானே அறிவிக்க வேண்டும். அறிக்கை போகும் முகவரி பைண்டிங் பட்டியலில் இருந்து எடுக்கப்படும். எனவே விளக்கின் 0006-ஐ முதலில் ஹப்போடு பைண்ட் செய்து, பிறகு ரிப்போர்ட்டிங் அமைக்க வேண்டும். பைண்டிங் இல்லாவிட்டால் அமைப்பு சரியாக இருப்பதுபோல் தெரியும், அறிக்கை மட்டும் வராது. பெரும்பாலான சாதனங்களுக்கு மென்பொருளே இதைச் செய்துவிடுகிறது. ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

மூன்று எண்கள் கேட்கும். குறைந்த இடைவெளி: இரண்டு அறிக்கைகளுக்கு நடுவே குறைந்தது இத்தனை விநாடி. அதிக இடைவெளி: மாற்றமே இல்லாவிட்டாலும் இத்தனை விநாடிக்கொரு முறை 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். மூன்றாவது, எவ்வளவு மாறினால் சொல்ல வேண்டும். ஆன்/ஆஃபுக்கு மூன்றாவது எண்ணுக்கு அர்த்தம் இல்லை. 0, 3600 போதும்.

வெப்பநிலை நூறில் ஒரு பாகையில் வரும்: 3150 என்றால் 31.5 டிகிரி. அரை டிகிரி மாறினால் சொல்லட்டும் என்றால் 50 கொடுங்கள். ஒரு டிகிரி என்று நினைத்து 1 கொடுத்தவரின் சென்சார், ஏசி காற்று பட்டதற்கெல்லாம் அறிக்கை அனுப்பிப் பேட்டரியைத் தின்றது. பேட்டரி அளவு அரைச் சதவீதக் கணக்கு. 200 என்றால் நிறைந்திருக்கிறது.

மின் நுகர்வைக் காட்டும் பிளக்குகளை விட்டுவைக்காதீர்கள். நம் லைனில் வோல்டேஜ் நாள் முழுக்க ஏறி இறங்கும். ஒவ்வொரு வோல்ட்டுக்கும் அறிக்கை வந்தால், ஐந்தாறு பிளக்கே வலைப்பின்னலை அடைத்துவிடும். குறைந்த இடைவெளியை 30 விநாடிக்கும், வோல்டேஜ் மாற்றத்தை 5 வோல்ட்டுக்கும் ஏற்றிவிடுங்கள். விளக்கு ஒரு விநாடி தாமதமாக எரிகிறது என்ற புகாரை இந்த ஓர் அமைப்பால் தீர்த்திருக்கிறேன்.

10. குழுவும் சீனும்

ஹாலில் ஆறு விளக்கு. ஆட்டோமேஷனில் ஆறையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டால் சோளப்பொரி பொரிவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். குழு அமைத்தால் ஒரே செய்தி, ஆறும் ஒன்றாக எரியும். குழு எண் விளக்குக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. ஹோம் அசிஸ்டன்டில் அமைக்கும் குழு வேறு. அது திரையில் மட்டும் குழு, காற்றில் ஆறு செய்திகளாகத்தான் போகும். குழுவை ஜிக்பீ2எம்க்யூடிடியின் குழுப் பக்கத்தில் அமையுங்கள்.

குழுச் செய்தி ஒலிபரப்பாகப் போவதால் ஒவ்வொரு இடைநிலையமும் அதைத் திரும்பச் சொல்லும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டையை விரலால் இழுத்துக்கொண்டே இருந்தால் வரிசையாக ஒலிபரப்பு குவிந்து எல்லாம் திணறும். அடுத்தடுத்து அனுப்பாமல் இடைவெளி விடுங்கள்.

சீன் என்பது ஒவ்வொரு விளக்கும் மனப்பாடம் செய்துகொள்ளும் நிலை. முதலில் குழு. பிறகு ஒவ்வொரு விளக்கையும் வேண்டிய அளவில் வையுங்கள். அதன்பின் குழுவுக்கு ஒரு சீன் எண் கொடுத்துச் சேமியுங்கள். திரும்ப அழைக்க ஒரே செய்தி. பின்னால் குழுவில் புதிதாக ஒரு விளக்கைச் சேர்த்தால் பழைய சீன் அதற்குத் தெரியாது; மறுபடி சேமிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, சினிமா பார்க்கும்போது ஒரு விளக்கு மட்டும் முழு வெளிச்சத்தில் முறைக்கிறது என்பார்கள்.

11. பைண்டிங்: ரிமோட்டும் விளக்கும் நேராகப் பேச

இவ்வளவும் இதற்காகத்தான். ரிமோட்டின் வெளிச்செல்லும் 0006-ஐ விளக்கின் உள்வரும் 0006-ஓடு கட்டிவிட்டால், ரிமோட் நேராக விளக்கிடம் சொல்லும். ஹப் நடுவில் இல்லை. வெளிச்சமும் வேண்டுமென்றால் 0008-ஐயும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

ரிமோட்டின் சாதனப் பக்கத்தில் பைண்ட் தாவலைத் திறங்கள். எங்கிருந்து: ரிமோட்டின் எண்ட்பாயின்ட். எங்கே: விளக்கு, அல்லது முன் படியில் அமைத்த குழு. கிளஸ்டர்களை டிக் செய்யுங்கள். இப்போது ரிமோட்டை எடுத்து ஒரு பட்டனை அழுத்தி, உடனே திரையில் பைண்ட் கொடுங்கள். ரிமோட் எந்நேரமும் தூங்கிக்கொண்டிருக்கும். அழுத்தி எழுப்பாமல் கட்டளை கொடுத்தால் கால அவகாசம் முடிந்தது என்று பிழை வரும். புதியவர்கள் இடறும் இடங்களில் இதற்குத்தான் முதலிடம். மூன்று தடவை முயன்றும் வராவிட்டால், ஓர் ஆள் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருக்க இன்னோர் ஆள் திரையில் கொடுங்கள்.

அடுத்த இடறல் இரட்டைக் கட்டளை. அதே ரிமோட்டுக்கு ஹப்பிலும் 'மாற்று' ஆட்டோமேஷன் இருந்தால், ரிமோட் ஒரு தடவை மாற்றும், ஹப் இன்னொரு தடவை மாற்றும். விளக்கு ஒரு நொடி எரிந்து அணையும். பைண்ட் செய்த கையோடு பழைய ஆட்டோமேஷனை அணைத்துவிடுங்கள்.

பல பேருக்கு ஒரு சந்தேகம் வரும்: நேராகக் கட்டிவிட்டால் போனில் நிலை தெரியாமல் போகுமா? போகாது. ரிமோட் விளக்கிடம் பேசுகிறது. விளக்கு தன் புது நிலையை, 9-ஆம் படியில் அமைத்த ரிப்போர்ட்டிங் வழியாக ஹப்புக்குச் சொல்கிறது. அந்தப் படியை முன்னால் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

12. பதிலில் வரும் எண்கள்

சாதனம் மறுத்தால் காரணத்தை எண்ணாகச் சொல்லும். மென்பொருளின் பதிவேட்டில் (லாக்) 81 வந்தால் அந்தக் கட்டளை அதற்குத் தெரியாது. 86 என்றால் அந்த மதிப்பே அதனிடம் இல்லை. 4003-ஐக் கேட்டு 86 வந்தால், கரண்ட் வந்ததும் என்ன செய்வது என்பதை அமைக்க அந்தச் சாதனத்தில் பொது வழி இல்லை. 88 என்றால் படிக்கலாம், மாற்ற முடியாது. 89 என்றால் இடம் இல்லை, பழைய குழுவையோ சீனையோ அழியுங்கள். இந்த எண்கள் வந்தால் சாதனத்தை ரீசெட் செய்து பயன் இல்லை. பதிலே வராவிட்டால்தான் சிக்னலையோ தூக்கத்தையோ சந்தேகப்பட வேண்டும்.

13. டாங்கிளைப் பிடுங்குங்கள்

மென்பொருளை நிறுத்திவிட்டு டாங்கிளைக் கழற்றுங்கள். ஒவ்வோர் அறையாகப் போய் ரிமோட்டுகளை அழுத்துங்கள். சுவர் சுவிட்சுகளையும் போட்டுப் பாருங்கள்.

ஹப்புக்குப் பக்கத்து அறை ரிமோட் மட்டும் வேலை செய்யாமல் நிற்கலாம். டாங்கிளையே தாயாகப் பிடித்திருந்த ரிமோட் அது. சில தடவை அழுத்தினால் வேறு இடைநிலையத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அப்படியும் வராவிட்டால் டாங்கிளைச் செருகி, பக்கத்து பிளக் வழியாக அந்த ரிமோட்டை மறுபடி சேர்த்து, பைண்டிங்கைச் சரிபாருங்கள்.

எல்லாம் எரிகிறதென்றால் டாங்கிளைத் திரும்பச் செருகி, ஜிக்பீ2எம்க்யூடிடி கோப்புறையை முழுதாக ஒரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். வலைப்பின்னலின் சாவி அதற்குள் இருக்கிறது. அது இல்லாமல் புது டாங்கிள் வாங்கினால் மூன்றாம் படியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். சேனல் எண், எண்ட்பாயின்ட் பட்டியல், எந்த ரிமோட் எந்தக் குழு என்பதை ஒரு தாளில் எழுதி எம்சிபி பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். சூரியன் மறைந்ததும் வாசல் விளக்கு எரிய வேண்டும் என்ற ஆட்டோமேஷனை இனி எழுதலாம்.